பாட்டில் வருகிற பெண் எந்தக் குலம்?

ஏரிக்கரைப் பாடல் மரபுப் பேரவைக்குக் கட்டடம் உண்டு, கொடி உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு. பாடத் தெரிந்த ஆள்தான் ஒருவரும் இல்லை. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. பாடத் தெரிந்தவன் உள்ளே இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று செயலாளர் சஹாலா ஒருமுறை மேடையிலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பேரவை முத்திரை விழாத பாட்டைப் படகில் போட மாட்டார்கள். கள்ளுக்கடையில் போட மாட்டார்கள். குலக் கூட்டம் நடக்கிற மண்டபத்தில் பாட விடவே மாட்டார்கள். ஆகவே பிஸ்தோக் தன் புதுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். அது இழுக்கிற கதவு. உள்ளே இருந்தவர்கள் அவன் தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சைகை காட்டினார்கள்.

ஒரு காலத்தில் தோபா ஏரியைச் சுற்றி பிஸ்தோக்கின் பாட்டு ஓடாத கள்ளுக்கடை கிடையாது. எழுதுவதும் அவன்தான், மெட்டுப் போடுவதும் அவன்தான், கித்தாரை மடியில் வைத்துப் பாடுவதும் அவன்தான். பிறகு ஒரு மழைக்காலத்தில் நிறுத்திவிட்டான். பதினெட்டு வருஷமாக ஏரியில் மீன் கூண்டுகளுக்குத் தீனி போட்டுப் பிழைத்தான். ஏன் நிறுத்தினான் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தொண்டையில் கட்டி என்றான் ஒருவன். குடி என்றான் இன்னொருவன். உண்மைக் காரணம் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான், ஆனால் அதை யாரும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு வயசுப் பெண் தியுர் காய்ச்சலில் போனாள். அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளை செத்தால் எங்கள் மரபில் ஒன்றும் கிடையாது. மேளம் கிடையாது, பன்றி கிடையாது, பேச்சு கிடையாது. உச்சி வெயிலுக்கு முன்னால் புதைத்துவிட வேண்டும். பேரன் பேத்தி எடுத்துச் செத்த கிழவனுக்கு மூன்று நாள் பேசுவார்கள். கறி வெட்டுகிறவனுக்குக்கூடப் பேச்சில் ஒரு பங்கு உண்டு. தியுருக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. குழி மேட்டில் பிஸ்தோக் கித்தாரோடு நின்றபோது, "சின்னப் பிள்ளைக்குப் பாட்டு கிடையாது, மாப்பிள்ளை. உள்ள வை," என்று சொன்னவர் பின்சார் தாத்தா. இன்றைக்குப் பேரவைத் தலைவர் அவர்தான்.

இப்போது பிஸ்தோக் ஒன்பது பாட்டு எழுதிப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தான். எட்டுப் பாட்டும் ஒன்றை மறைக்கத்தான். ஏழாவது பாட்டு தியுருடையது. அதை மண்டபத்தில், எல்லாக் குலமும் உட்கார்ந்திருக்கும்போது, ஒரே ஒரு தடவை பாட வேண்டும். அவளுக்குச் சேர வேண்டிய பேச்சுப் பங்கு அப்படியாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தான். யாருக்கென்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் விட மாட்டார்கள்.

"வாங்க தியுர் அப்பா, வாங்க!" என்றார் பின்சார் தாத்தா. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்த பிறகு சொந்தப் பெயர் போய்விடும். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிஸ்தோக்குக்கு இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை. தாத்தாவுக்கே பின்சார் என்பது பேரன் பெயர். அந்தப் பேரன் மேதான் நகரத்தில் கைபேசிக்கு உறை விற்கிறான். ஏரிக்கரையே எழுந்து நிற்கிற பெயர் அவனுடையது என்பது அவனுக்குத் தெரியாது.

"ரொம்ப நாளா ஆளையே காணோமே, தியுர் அப்பா?"

"இருந்தேன், தாத்தா. மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டு."

"மீன் கை தட்டாதுல்ல?" என்றார் செயலாளர் சஹாலா. இரண்டு பட்டம் வாங்கியவர். பெயரைச் சொல்லும்போது பட்டங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, கேட்டவர் முகத்தைப் பார்ப்பார்.

"கை தட்டாது, ஆனா குறுக்க பேசாது," என்றான் தோகார். பிஸ்தோக்கின் மனைவிக்கு அண்ணன், கள்ளுக்கடை வைத்திருக்கிறவன். துணைக்கு வந்திருந்தான்.

முதல் பாட்டு மழை பற்றியது. ஒலிபெருக்கியில் அது ஓடி முடிந்ததும் சஹாலா கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மழை எங்க பெய்யுது?"

"ஏரியில."

"ஏரியில எந்தப் பக்கம்? மேற்குக் கரைன்னா அது எங்க குல நிலம். எங்க நிலத்துல பெய்யற மழையை எங்களைக் கேக்காமப் பாடலாமா?"

பொதுவாகப் பெய்கிற மழை என்று முடிவு செய்து முத்திரை குத்தினார்கள். இரண்டாவது பாட்டு, தொலைந்துபோன நாய்.

"வளர்த்த நாயா, கறிக்கு வாங்கின நாயா?" என்றார் தலைவர்.

"வளர்த்தது, தாத்தா."

"கடைசி அடியில நாயைக் காணோம்னு வருதே. சமைச்சிருந்தா பங்கு யார் யாருக்குப் போச்சுன்னு பாட்டுல வரணும். பங்கு சொல்லாத பாட்டு நம்ம பாட்டே இல்ல."

"வாலு எனக்கு வந்துச்சு, தாத்தா," என்றான் தோகார். தலைவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நாய் தேறியது.

இப்படியே போய் ஏழாவது வந்தது. பிஸ்தோக் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒலிபெருக்கியிலிருந்து அவன் குரலே அவன்மேல் வந்து விழுந்தது.

*சோறு ஆறுது, வா.*
*செருப்பு வாசல்ல கெடக்கு, வா.*
*உன் பேரைச் சொல்லித்தான் ஊரே என்னைக் கூப்பிடுது,*
*நீ மட்டும் திரும்பிப் பாக்கல, வா.*

பாட்டு முடிந்ததும் எல்லோரும் பிஸ்தோக்கின் முகத்தைப் பார்த்தார்கள். தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

"காதல் பாட்டு," என்றார் பின்சார் தாத்தா.

"பித்துப் பிடிச்ச காதல்," என்றார் சஹாலா. "ஊரே அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இவருக்குக் கேக்குது பாருங்க. இந்த வயசுல!"

"யாரு இந்தப் பொண்ணு, தியுர் அப்பா?"

பிஸ்தோக் தோகாரைப் பார்த்தான். தோகார் கூரையைப் பார்த்தான்.

"ஒரு பொண்ணு, தாத்தா."

"எந்தக் குலம்?"

"குலமெல்லாம்... இல்ல. சும்மா பாட்டுல வர்ற பொண்ணு."

அந்த அறையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் நாற்காலியை நகர்த்தினார்கள். தலைவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் பேச்சு நீளும் என்று அர்த்தம்.

"ஹோராஸ், சபைக்கு வணக்கம்! குலமில்லாத பொண்ணை நம்ம பாஷையில கூப்பிடவே முடியாது. தங்கச்சிங்கறதா, மச்சினிங்கறதா, அத்தைங்கறதா? தெரியாம 'வா வா'ன்னா அவ எந்த வாசல் வழியா வருவா? எனக்கு எழுபத்தி நாலு வயசாச்சு. குலம் என்னன்னு விசாரிக்காம ஒரு பொண்ணை நான் நிமிர்ந்து பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரிகிட்ட முதல்ல கேட்டதும் குலம்தான். அவ பேரைக் கல்யாணத்தன்னிக்குத்தான் கேட்டேன். இன்னி வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு குழப்பம் வந்ததில்ல, ஏன்னா நாங்க பேசிக்கிறதே இல்ல. அதுதான் மரபு!"

கை தட்டினார்கள்.

பாட்டை விலக்கிவிடலாம் என்றார் ஒருவர். சஹாலா கையை உயர்த்தினார். படித்தவர், வழி கண்டுபிடித்திருந்தார்.

"போன வருஷம் இங்க மருமகளா வந்த ஹாலந்துக்காரிக்குக் குலம் குடுக்கலையா? பன்னி வெட்டி, உலோஸ் துணி போத்தி, மகளா எடுத்துக்கலையா? அவ ஹாலந்துல இருந்து வந்தா. இவ பாட்டுல இருந்து வர்றா. வித்தியாசம் பயணத்துலதான். பாட்டுல வர்ற பொண்ணுக்கும் முறையா ஒரு குலம் குடுத்துட்டா, அன்னிக்கே அதே மேடையில பாட்டை வெளியிட்டுடலாம்."

"எந்தக் குலம் எடுக்கும்?" என்று ஒருவர் கேட்டு வாயை மூடுவதற்குள், "எங்க குலம்," என்றார் பின்சார் தாத்தா. பெண் கொடுத்த குலத்துக்குப் பெண் எடுத்தவன் வாழ்நாள் முழுக்கக் குனிய வேண்டும். ஏரிக்கரையே அறிந்த பாடகன் தனக்கு முன்னால் குனிகிற காட்சி அவர் கண்ணில் அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி ரௌலி கெளுத்தி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அவளுக்குக் குலம் குடுக்கப் போறாங்களாம்."

"யாருக்கு?"

"பாட்டுல வர்றவளுக்கு."

ரௌலி கத்தியை நிறுத்தவில்லை. "அவளுக்குத்தான் இருக்கே."

"சொன்னா பாட விட மாட்டாங்க."

"சொல்லலைன்னா?"

"பன்னி வெட்டுவாங்க. எல்லாக் குலமும் வரும். பேசுவாங்க."

"அவளைப் பத்தியா?"

"அவளைப் பத்தித்தான். யாருன்னு தெரியாம."

அவள் மீனைக் கழுவிச் சட்டியில் போட்டாள். கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். "அன்னிக்கு ஒருத்தன் வாயைத் தொறக்கல," என்றாள். "தெரியாமப் பேசினாலும் பேசட்டும். நானும் வர்றேன்."

விழா நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. பாட்டுக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம், கறிக்கு வந்தவர்கள் மீதி. பின்பக்கம் பெண்கள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். மேடை நடுவில் ஒரு மர நாற்காலி. குலம் பெறுகிற பெண் ஏதாவது ஒன்றில் உட்கார வேண்டுமல்லவா? பேரவை கூடிப் பேசி, சாய்மானம் உள்ள நாற்காலி என்று முடிவு செய்திருந்தது. முக்காலி மரியாதைக் குறைவாம்.

நாற்காலியின் தோளில் சிவப்பு உலோஸ் ஒன்றைப் போர்த்தினார்கள். பின்சார் தாத்தா ஒரு கை அரிசியை அள்ளி அதன் தலை இருக்க வேண்டிய இடத்தில் போட்டார். "மகளே, உன் உயிர் உறுதியா நிக்கட்டும்!" என்றார். "அப்படியே ஆகட்டும்!" என்றது கூட்டம். அரிசி பலகையில் விழுந்து சத்தம் போட்டது.

பிஸ்தோக் ரௌலியைப் பார்த்தான். அவள் உதடும் அசைந்தது. அப்படியே ஆகட்டும்.

பிறகு பேச்சு. குலம் குலமாக எழுந்தார்கள். ஒருவர், இந்தப் பெண் பிறந்ததிலிருந்தே அடக்கமானவள் என்றார். இன்னொருவர், தன் குலத்துக்கும் இவள் தூரத்து முறை என்றார். அவள் நூறு வயசு வாழ வேண்டும் என்று ஒரு கிழவர் அழுதே விட்டார். கறியில் தனக்கு விலாப் பங்கு வரவில்லை என்பதற்கும் சேர்த்து அழுதார் என்று தோகார் காதில் சொன்னான். பிஸ்தோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. பேசட்டும், பேசட்டும் என்றிருந்தது. எல்லாம் பொய். ஆனாலும் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மண்டபம் முழுக்க அவளைப் பார்த்து வாழ்த்துகிறது. இதற்குமேல் பாட்டு ஒன்றுதான் பாக்கி.

கித்தாரை எடுத்தான். சுருதி சேர்த்தான்.

"கொஞ்சம் பொறுங்க, தியுர் அப்பா," என்றார் பின்சார் தாத்தா. "இப்ப இவ எங்க குலப் பொண்ணு. சரிதானே?"

"சரி, தாத்தா."

"எங்க பொண்ணை நீங்க 'சோறு ஆறுது, வா'ன்னு கூப்பிடுறீங்க. அவ செருப்பு உங்க வாசல்ல கெடக்குதாம். ஒரு பொண்ணோட செருப்பு ஒருத்தன் வாசல்ல கெடக்கலாமா, கல்யாணச் சம்பந்தம் இல்லாம? எங்க குல மானம் என்ன ஆகுறது?"

கூட்டம் முணுமுணுத்தது. காலையில் இல்லாத மானம் மத்தியானத்துக்குள் நன்றாகவே வளர்ந்துவிட்டிருந்தது.

"அதனால," என்றார் சஹாலா, "கல்யாணத்தையும் இப்பவே முடிச்சுடுறது நல்லது. பன்னி வெட்டியாச்சு, குலம் கூடியாச்சு."

"யாருக்குக் கல்யாணம்?" என்றான் பிஸ்தோக்.

"உங்களுக்குத்தான். இவளோட."

பிஸ்தோக் கித்தாரைக் கீழே வைத்தான்.

"சர்ச்சு ரெண்டு பொண்டாட்டிக்கு ஒத்துக்காதே?" என்றார் யாரோ.

"பாட்டுக்குள்ள நடக்கிற கல்யாணம் சர்ச்சுக் கணக்குல வராது," என்றார் சஹாலா. பிறகு முன்வரிசையைப் பார்த்து மரியாதையாகக் குனிந்தார். "இருந்தாலும் முறைப்படி கேட்டுடணும். தியுர் அம்மா, ரெண்டாவதா ஒருத்தி வர்றதுல உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

ரௌலி உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அவ ரெண்டாவது இல்ல."

"பெருந்தன்மை!" என்றார் பின்சார் தாத்தா. "முதல் இடத்தையே விட்டுக் குடுக்கறாங்க, பாத்துக்கோங்க."

கை தட்டினார்கள். இரண்டு பேர் பெரிய கல்யாண உலோஸை விரித்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒன்றாகச் சேர்த்துப் போர்த்துகிற துணி அது. பிஸ்தோக்கை நாற்காலியின் பக்கம் தள்ளினார்கள். துணி அவன் தோளில் விழுந்தது, நாற்காலியின் முதுகில் விழுந்தது, இரண்டையும் சேர்த்து இறுக்கினார்கள். உள்ளே அரிசி மணம் வந்தது. மேளக்காரன் குச்சியை ஓங்கினான்.

பிஸ்தோக் துணியைப் பிடுங்கித் தரையில் எறிந்தான்.

எங்கள் ஊரில் உலோஸைத் தரையில் எறிந்தவன் எவனும் கிடையாது. மேளக்காரனின் குச்சி ஓங்கியபடியே நின்றது.

"அவளுக்குக் குலம் இருக்கு," என்றான்.

"என்னது? எந்தக் குலம்?"

"என் குலம்."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் வெளியே கட்டியிருந்த அடுத்த பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரே குலமா! உடன்பிறந்த முறையிலா காதல்! அபராதம் என்றார்கள். ஊர்விலக்கு என்றார்கள். தன் குலத்துக்கு அவள் தூரத்து முறை என்றவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்சார் தாத்தா கைத்தடியால் மேடையை அடித்தார்.

"யாருய்யா அவ? சொந்தக் குலத்துல, வெக்கம் கெட்டு! பேரைச் சொல்லு! அவ பேர் என்ன, தியுர் அப்பா?"

"இப்பச் சொன்னீங்களே, தாத்தா."

"நான் என்ன சொன்னேன்?"

"காலையிலேர்ந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கீங்க. என்னைக் கூப்பிடுறப்பல்லாம்."

பின்பக்கம் வெங்காயம் அரிகிற சத்தம் முதலில் நின்றது. அங்கிருந்து ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்து மேடை வரைக்கும் எல்லாம் நின்றது. நூறு வயசு வாழ்த்தி அழுத கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பின்சார் தாத்தா தலைவர். தலைவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சின்னப் பிள்ளைக்கு மரபு கிடையாது," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அன்னிக்கே நான் சொன்னேன்."

"சொன்னீங்க, தாத்தா."

"மரபு இல்லாத ஒண்ணுக்குப் பேரவை எப்படிய்யா கூட முடியும்? அப்ப இது கூட்டமே இல்ல. பேசினது பேச்சு இல்ல." அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். நிறுத்தவில்லை. "ஆனா கறி? எங்களுக்கு வந்த தாடைப் பங்கு? பொண்ணு குடுத்த குலம்னுதானே அது வந்தது? பொண்ணே இல்லைன்னா தாடையைத் திருப்பிக் குடுக்கணுமா?"

"எங்க வீட்டுல அதைக் கொதிக்க வெச்சாச்சே!" என்று அவர் தம்பி எழுந்தான்.

"தாடை எங்களுக்கு வரணும்," என்றது இன்னொரு குலம். விலா கிடைக்காத கிழவர் கண்ணீரை நிறுத்திவிட்டுக் கணக்குக் கேட்கத் தொடங்கினார். வெட்டிய பன்றியை ஒட்ட வைக்க முடியாது என்பதால் பங்கு மட்டும் செல்லும், பெண் செல்லாது என்றார் சஹாலா. அப்படியானால் வாழ்த்து செல்லுமா என்று ஒருவர் கேட்டார். வாழ்த்தைத் திரும்ப வாங்க விதி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேரை அனுப்பினார்கள்.

பிஸ்தோக் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கித்தாரை எடுத்து ஏழாவது பாட்டைப் பாடினான். ஒலிவாங்கி இல்லை. அது தலைவர் கையில் தாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வயதான குரல், இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தாமல் பாடினான். பின்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தூணோரம் நின்றார்கள். கையில் கத்தி இருந்தது, கண்ணில் வெங்காயம் இருந்தது. முன்வரிசை ஆண்கள் யாருக்கும் கேட்கவில்லை. கடைசி "வா" சொல்லி முடித்தபோது, மேடையில் தாடையின் இடது பாதி பற்றி உடன்பாடு ஏற்பட்டிருந்தது.

சஹாலா முடிவை வாசித்தார். இன்று இங்கே எந்தப் பாட்டும் பாடப்படவில்லை. எட்டுப் பாட்டுக்கு முத்திரை உண்டு. ஏழாவது இடத்தை வெறுமையாக விட வேண்டும். மௌனத்துக்குக் குலம் தேவையில்லை.

கை தட்டினார்கள். முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக.

ரௌலி மேடை ஏறினாள். நாற்காலியை உலோஸோடும் அரிசியோடும் தூக்கிக்கொண்டாள்.

"அம்மா, அது பேரவை நாற்காலி," என்றார் சஹாலா.

"எங்க குல உலோஸும் இருக்கு அதுல!" என்றார் தலைவரின் தம்பி.

"அப்ப வந்து தொட்டு எறக்குங்க," என்றான் தோகார். "உங்க பொண்ணுன்னா கொண்டாங்க. இல்லைன்னா விடுங்க."

யாரும் தொடவில்லை. அரிசி போட்டு வாழ்த்திய ஒன்றைப் பிடுங்கலாமா என்பதற்கு விதி தெரியவில்லை.

மாலைப் படகில் கூட்டம் இல்லை. ரௌலி நாற்காலியை ஏரி தெரிகிற மாதிரி ஓரமாக வைத்து, உலோஸ் காற்றில் பறக்காமல் அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்தோக் மறுபக்கம் உட்கார்ந்தான். அரிசி இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. டிக்கெட் கிழிக்கிறவன் வந்தான். புது ஆள், ஏரிக்குத் தெற்கே எங்கிருந்தோ வந்தவன். நாற்காலியைப் பார்த்தான், போர்த்தியிருந்த துணியைப் பார்த்தான்.

"எத்தனை பேருண்ணே?"

பிஸ்தோக் வாயைத் திறப்பதற்குள் ரௌலி சொன்னாள்.

"மூணு."

அவன் மூன்று கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.